தெரு அழகாகிறது, பூக்கடை எங்கே போகும்?

கேள்வி: சென்னையில் ஒரு கடைத்தெருவின் நடைபாதையில் என் அம்மா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூ விற்கிறார். தெருவை அழகுபடுத்துவதால் அடுத்த வாரம் காலி செய்ய வேண்டும், ஒரு வளாகத்தின் இரண்டாவது மாடியில் இடம் தருவோம் என்று அதிகாரிகள் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் வியாபாரி அட்டை இல்லை. என்ன செய்வது?

பதில்: முதல் வேலை, அதிகாரிகள் நீட்டும் எந்தத் தாளிலும் அம்மா கையெழுத்தோ கைநாட்டோ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'சம்மதித்து இடம் மாறினார்' என்ற ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், அதை நீதிமன்றத்தில் உடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தெருவைச் சீரமைக்க மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அதற்கு முறை வகுத்திருக்கிறது. தெருவோர வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து, எல்லா வியாபாரிகளுக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 3(3). சான்றிதழ் வைத்திருக்கும் வியாபாரியை இடம் மாற்றவும் 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். தெருவை விற்பனை கூடாத பகுதியாக்க நகர விற்பனைக் குழு பரிந்துரைக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள்.

அந்தக் குழுவின் தீர்மானத்தையும் கணக்கெடுப்புப் பட்டியலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள். பட்டியலில் அம்மா பெயர் விடுபட்டிருந்தால், சேர்க்கச் சொல்லியும் சான்றிதழ் கோரியும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பழைய அபராத ரசீது, கடையோடு எடுத்த புகைப்படம் எல்லாம் சான்றுதான்.

இரண்டாவது மாடி விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியவர் போகிற போக்கில் இரண்டு முழம் வாங்குவதுதான் பூ வியாபாரம்; அதற்காக யார் மாடியேறுவார்கள்? இடம் மாற்றினால் வருமானம் பழைய நிலைக்காவது திரும்ப வேண்டும், புதிய கட்டமைப்பால் உண்டாகும் பிழைப்பில் பெயர்க்கப்பட்டவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே சொல்கிறது. மனுவில் இதை மறக்காமல் எழுதுங்கள்.

அதே சமயம், அந்த இடம் என்றைக்கும் அம்மாவுக்கே என்று வாதாட முடியாது. நிரந்தர உரிமை இல்லை என்று பிரிவு 29 சொல்லிவிட்டது.

அதிகாரிகள் பூக்கூடையை அள்ளிக்கொண்டு போனால், எடுத்த பொருள்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அழுகும் பொருளை, கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும். மல்லிகை மறுநாள் வந்து என்ன பயன்?

அதிகாரிகள் முறையை மீறினால் அவர்கள் நடவடிக்கையைத் தடுக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். பெண் என்பதால் அம்மாவுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். அதே தெருவில் கடை போட்டிருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.