ஊஞ்சல் மாதிரி ஆடும் படகை நம்பாதீர்கள்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம், மன்னார் வளைகுடா கரையிலிருந்து எழுதுகிறேன். போன தை மாதம் 26 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அகலம் 6 அடி, இன்ஜின் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. மூன்று பேர் போகிறோம், நண்டு வலையும் சாளை வலையும் வைத்திருக்கிறோம். மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று கொஞ்சம் ஏறினாலே அணியம், அதாவது படகின் முன்முனை, நிற்பதில்லை, காற்று தள்ளுகிற பக்கம் திரும்பிவிடுகிறது. பக்கத்திலிருந்து காற்று அடித்தால் படகு சாய்ந்து, நிதானமாகத்தான் நிமிர்கிறது. விற்றுக்கொடுத்த தரகர், "அடியில் சிமெண்டு போட்டுவிடு தம்பி, இன்ஜினைப் பதினைந்தாக மாற்று, மலை மாதிரி நிற்கும்" என்கிறார். இரண்டு வேலைக்கும் ஆள் அவரே பார்த்துத் தருகிறாராம். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஆள் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லும்போதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததால்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் என் கண் நின்ற இடம் "நிதானமாகத்தான் நிமிர்கிறது" என்பது. அணியம் திரும்புவது தொல்லை, இது ஆபத்து. படகு வாங்குகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வெடுக் வெடுக்கென்று ஆடும் படகைக் கெட்ட படகு என்றும், ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடுவதை நல்ல படகு என்றும் நினைக்கிறார்கள். தரகர்களும் "ஏறி நின்று பாருங்கள், தொட்டில் மாதிரி இருக்கும்" என்றே விற்கிறார்கள். உண்மை நேர்மாறு. வெடுக்கென்று நிமிர்கிற படகுக்கு நிமிரும் பலம் மிச்சம் இருக்கிறது. யோசித்து யோசித்து நிமிர்கிற படகு, ஒருநாள் நிமிராமல் இருக்கலாமா என்றுதான் யோசிக்கிறது.

இதைச் சோதிக்கப் பொறியாளர் வேண்டாம், கைபேசி போதும். அலையில்லாத காலை நேரத்தில், படகு தாராளமாக மிதக்கும் ஆழத்தில், கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். வலை, ஐஸ் பெட்டி, எரிபொருள், ஆட்கள் எல்லாம் வழக்கமான இடத்தில் இருக்கட்டும். ஒருவர் வெளியே நின்று படகின் ஓரத்தை இரண்டு மூன்று தரம் அமுக்கி ஆட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், புறப்பட்ட பக்கத்துக்கே திரும்பி வந்தால் அது ஓர் ஆட்டம். ஐந்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று பார்த்து ஐந்தால் வகுங்கள். படகின் அகலம் எத்தனை மீட்டரோ, ஓர் ஆட்டம் அத்தனை விநாடிக்குள் முடிய வேண்டும். இது பழைய கைக்கணக்கு. சிறு படகுக்கு இது போதும். உங்கள் 6 அடி என்பது ஏறக்குறைய 1.8 மீட்டர், ஆக ஐந்து ஆட்டத்துக்கு 9 விநாடி. அதைத் தாண்டினால் எதையோ உயரத்தில் வைத்திருக்கிறீர்கள், அல்லது உள்ளே தண்ணீர் இருக்கிறது. 12-ஐத் தாண்டினால் அந்தச் சுமையோடு கச்சானில் போகவே வேண்டாம்.

எனக்கு என்னவோ தண்ணீர் மேல்தான் சந்தேகம். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரைச் சொல்லவில்லை, அதை நீங்கள் வாளியால் இறைத்திருப்பீர்கள். ஃபைபர் படகில் நிற்கிற தளத்துக்கும் அடி ஓட்டுக்கும் நடுவே மூடிய அறை இருக்கும், அதற்குள் தெர்மாகோலோ ஃபோமோ வைத்து ஒட்டியிருப்பார்கள். தளத்தில் ஒரு ஆணி ஓட்டை போதும், வருடக் கணக்கில் தண்ணீர் இறங்கும். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு படகைக் கரையேற்றி, பின்பக்கம் அடியில் அரை அங்குலத் துளை போட்டோம். பழுப்பு நிறத்தில், பெட்ரோல் வாடையோடு தண்ணீர் வர ஆரம்பித்தது. டீ குடித்துவிட்டு வந்தோம், வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தோம், அப்போதும் நிற்கவில்லை. உள்ளே கையை விட்டால் தெர்மாகோலைக் காணோம். பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் கரைந்து பசையாகிவிடும். மிதக்க வைக்க வேண்டிய அறை தொட்டியாக மாறியிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்தளம் 5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்று வைத்தால், 5 சென்டிமீட்டர் தண்ணீர் 300 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் இருபது குடம். இந்த 300 கிலோவும் ஓரிடத்தில் கிடந்தால்கூடப் பரவாயில்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடிப்போய் உட்காரும். காற்று பாதி சாய்க்கிறது, மீதியை இந்தத் தண்ணீர் முடித்து வைக்கிறது. கொட்டிக் கிடக்கும் மீனும் அப்படித்தான். குறுக்கே இரண்டு பலகை செருகி வைத்தால் மீன் ஓடாது.

இப்போது சிமெண்டுக்கு வருவோம். அடியில் எடை போட்டால் நிலை கூடும் என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அந்தத் துளியை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது. 200 கிலோ கலவை போட்டால் படகு அவ்வளவு தாழும். ஓரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறையும், குறுக்கே வரும் முதல் பெரிய அலை உள்ளே வந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதை எந்தத் தரகரும் சொல்லமாட்டார். தண்ணீர் நிறைந்த ஃபைபர் படகு மிதப்பது உள்ளே உள்ள ஃபோமின் தயவில். ஒரு கன அடி ஃபோம் சுமார் 27 கிலோ தாங்கும். 200 கிலோ கலவை தண்ணீருக்குள்ளும் 115 கிலோ கனக்கும். அதற்கு மட்டும் நாலேகால் கன அடி ஃபோம் கூடுதலாக வேண்டும். யார் போட்டுத் தருகிறார்? கட்டுமரத்தில் போனவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, மரம் மூழ்காது, நனைந்துகொண்டே போவதுதான் அதன் இயல்பு. ஃபைபர் ஓடு அப்படியில்லை, கண்ணாடி இழையும் பிசினும் தண்ணீரைவிடக் கனமானவை. மணல் மூட்டையும் வேண்டாம், சாய்ந்தால் அதுவும் நகரும்.

இன்ஜின் விஷயம் இன்னும் வேடிக்கை. உங்கள் தொல்லையே அணியம் காற்றில் பறக்கிறது என்பது. பெரிய இன்ஜின் என்றால் பெரும்பாலும் பின்பக்கம் இன்னும் கனம். பின்பக்கம் தாழ்ந்தால் அணியம் இன்னும் தூக்கும். தூக்கிய அணியத்தைக் காற்று இன்னும் சுலபமாகப் பிடிக்கும். வியாதிக்குத் தரும் மருந்தே வியாதியைக் கூட்டுகிறது, தரகுக் காசு மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும். குதிரைத்திறனுக்கு மானியம் உண்டு, விண்ணப்பம் உண்டு, வரிசை உண்டு. நான்கு கன அடி ஃபோமுக்கு மானியம் வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். "அது எந்தத் தலைப்பில் வரும்?" என்று கேட்டார்கள். நான் கூட இருந்து பார்த்த ஆய்வுகளில் நாடா வைத்து நீளம் அளந்தார்கள், எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்கள், மிதவை உடையை எண்ணினார்கள். ஒருவர்கூடப் படகை ஆட்டிப் பார்க்கவில்லை.

பழைய படகு வாங்குகிற மற்றவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரையில் அவசர அவசரமாகப் படகு செய்து கொடுத்தார்கள். அதில் நல்லதும் உண்டு, பாய் மாதிரி மெலிந்த ஓடும் உண்டு. பெயின்டுக்கு அடியில் எது இருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வெயிலில் கவிழ்த்துப் போட்டு அடியைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் நடையைக் கட்டுங்கள். படகு வார்க்கும் பழைய அச்சை வெட்டி நடுவில் நீளம் சேர்த்து, அகலத்தை அப்படியே விட்ட படகுகளையும் பார்த்திருக்கிறேன். நீளம் கூடினால் விலை கூடும், நிலை கூடாது.

சரி, அணியம் ஏன் திரும்புகிறது? படகின் பின்பக்கத்தை இன்ஜினும் புரொப்பெல்லரும் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முன்பக்கம் உயரமாக, காலியாக, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. காற்று எதைத் தள்ளும்? அதிலும் வேகம் குறைந்தால் போச்சு. ஆகவே காற்றை எதிர்த்துப் போகும்போது எடையை முன்னே கொண்டு போங்கள். நங்கூரமும் அதன் கயிறும் அணியத்தில், தரையோடு, கட்டப்பட்டு இருக்கட்டும். ஐஸ் பெட்டி நடுவுக்குச் சற்று முன்னால். மூன்றாவது ஆள் பின்னால் உட்கார்ந்து கதை பேசாமல் முன்னால் போய் உட்காரட்டும், பலகை மேல் இல்லை, தரையில். வலையைக் குவிக்காமல் பரப்பிப் போடுங்கள்.

நிழலுக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறீர்களா? எழுதவில்லை, ஆனால் கட்டாத படகை நான் பார்த்ததில்லை. 6 அடிக்கு 8 அடி பாயைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால், மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அதில் 30 கிலோவுக்கு மேல் தள்ளும், அதுவும் தலை உயரத்தில். காற்று இரு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு. "மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65" என்று வானொலியில் கேட்டுக் கேட்டுக் காது மரத்திருக்கும். ஆடி முழுக்க ஒரே வாசகத்தைப் படித்தால் யார் கேட்பார்கள், அவர்கள் மேலும் தப்பு இருக்கிறது. ஆனாலும் அந்த 65-ல் பாயைச் சுருட்டாமல் இருந்தால் படகில் பாய்மரம் ஏற்றியதற்குச் சமம்.

எடையை முன்னே கொண்டு போங்கள் என்றேன். ஒரே ஒரு நேரத்தில் இது அப்படியே தலைகீழாகும், தயவுசெய்து இதை இரண்டு தரம் படியுங்கள். காற்றும் அலையும் பின்னாலிருந்து வரும்போது, அதாவது ஓடுகாற்றில் கரை திரும்பும்போது, முன்னால் எடை இருக்கக் கூடாது. பின்னால் வரும் அலை பின்பக்கத்தைத் தூக்கும். கனத்த அணியம் முன்னால் உள்ள பள்ளத்தில் குத்தும். புரொப்பெல்லர் காற்றில் சுற்றும், கை சுக்கானில் இருந்தும் பிடி இல்லை. பின்பக்கம் பக்கவாட்டில் வீசிக்கொண்டு வந்து படகு அலைக்குக் குறுக்கே விழும், அடுத்த அலை கவிழ்க்கும். எல்லாம் நாலைந்து விநாடிக்குள். முகத்துவாரத்தில் உயிர் போவது பெரும்பாலும் இப்படித்தான், கரையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஆகவே திரும்புமுன், ஆழத்திலேயே நின்று, முன்னால் இருந்த ஆளைப் பின்னுக்கு வரச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டியை நகர்த்துவதும் அங்கேயே நடக்கட்டும், கரையோரம் உடைந்து விழும் முறிவு அலைக்குள் வந்த பிறகு இல்லை. வேகத்தைக் குறைத்து அலையின் முதுகில் உட்கார்ந்து வாருங்கள், முகட்டைத் தாண்டி முன்னால் சறுக்காதீர்கள். படகு தானாகச் சறுக்க ஆரம்பித்தால், நீளக் கயிற்றின் நுனியில் ஒரு வாளியைக் கட்டிப் பின்னால் விடுங்கள், கயிறு புரொப்பெல்லரைத் தாண்டிக் கிடக்க வேண்டும். பின்னால் எடை என்பதும் அளவோடுதான். பின்விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்கு மூவரும் இன்ஜினைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அலை அந்த வழியாக ஏறும்.

கடலில் விட்ட வலையைப் படகுக்குள் இழுக்கும்போது காற்று வரும் பக்கத்திலிருந்து இழுங்கள். படகு வலையைவிட்டு விலகியே ஒதுங்கும், புரொப்பெல்லரில் வலை சிக்காது. வலை கடலடிப் பாரில் (பாறையில்) மாட்டினால் மூன்று பேரும் ஒரே பக்கம் நின்று இழுக்காதீர்கள், கயிற்றைப் பக்க ஓரத்தில் கட்டவும் செய்யாதீர்கள். அணியத்துக்குக் கொண்டுபோங்கள். வராவிட்டால் அறுத்துவிடுங்கள், வலைக்கு விலை உண்டு என்று எனக்கும் தெரியும். இன்ஜின் நின்றால் நங்கூரம் அணியத்திலிருந்து, ஒருபோதும் பின்னாலிருந்து வேண்டாம். ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது கயிறு விடுங்கள். நங்கூரம் எட்டாத ஆழம் என்றால் வலையைக் கொத்தாகக் கட்டி அணியத்திலிருந்து இறக்குங்கள், படகு காற்றைப் பார்த்து நிற்கும், பிறகு 1554-க்குக் கூப்பிடலாம், கடலோரக் காவல் படையின் இலவச எண். இன்ஜினின் நிறுத்துக் கயிறு, அதாவது ஓட்டுகிறவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிறு, அவர் மணிக்கட்டில் இருக்கட்டும், அது சாவி மாட்டுகிற கயிறு இல்லை.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடலுக்குப் போகாத நாளில் படகைக் கரையேற்றி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, அடி அறையின் கடைசி மூலையில் ஒரு துளை போடுங்கள். வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து எண்ணுங்கள். பிறகு அந்தத் துளைக்கு ஒரு திருகு மூடி போட்டுக்கொள்ளலாம், கடைசிவரை உதவும். மறுநாள் படகை ஆட்டி ஐந்து ஆட்டத்தின் விநாடியையும், குடக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். தரகரிடம் அதுவரை எதுவும் சொல்ல வேண்டாம்.