மணியின் பாதத்துக்கு மஞ்சள் வேண்டாம்

கேள்வி: மதியம் தார் ரோட்டில் கூட்டிப்போனதில் எங்கள் நாய் மணிக்குப் பாதத்தோல் உரிந்து சிவந்துவிட்டது. மஞ்சள் பூசலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: வேண்டாம்மா. டெட்டால், ஸ்பிரிட்டும் கூடாது. காய்ச்சி ஆறவைத்த அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்துக் கழுவுங்கள். விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். எங்கள் கறுப்பிக்கு அங்கேதான் பொடி ஜல்லி ஒன்று ஒட்டியிருந்தது, பாவம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காஸ் துணி வைத்துத் தளர்வாகக் கட்டி, நடுவிரல்கள் இரண்டின் நுனி தெரியும்படி விடுங்கள். அவை வீங்கினால் கட்டு இறுக்கம் என்று அர்த்தம். தினமும் மாற்றுங்கள். வலிக்கிறதே என்று நம் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், கல்லீரல் கெட்டுவிடும். சதை தெரிந்தால் இன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போங்கள். நடக்கவிட வேண்டாம்.