மலை ரயில் அப்பாவுக்கு முதல் காமிக்ஸ்

வாசகர் கேள்வி - பதில்
(பதில் எழுதுபவர் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை)

கேள்வி: டீச்சர், வணக்கம். என் அப்பா ஊட்டி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடுதான் இருக்கிறார். மழை பிடித்துக்கொண்டால் வாசல்கூடத் தாண்டுவதில்லை. பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார், புத்தகம் என்றால் கை நீட்ட மாட்டார். நான் சின்ன வயதிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். போன மாதம் ஒரு தடிமனான சூப்பர் ஹீரோ புத்தகத்தைக் கொடுத்தேன். ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இதெல்லாம் பசங்க சமாச்சாரம்டா" என்று டீப்பாய் மேல் வைத்துவிட்டார். அவர் ரசிக்கிற மாதிரி எதைக் கொடுக்கலாம்?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: தம்பி, முதலில் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்கு வருவது தினத்தந்தியா? அப்படியானால் கன்னித்தீவு வரும் இடத்தில் அப்பாவின் கண் நிற்கிறதா என்று பாருங்கள். சிந்துபாத்தும் லைலாவும் 1960-லிருந்து அந்தப் பேப்பரில் நாள் தவறாமல் வருகிறார்கள். அதைப் பார்க்கிறவர் என்றால் அவர் ஏற்கெனவே படக்கதை வாசகர்தான். ஆனால் அதை அவரிடம் சொல்லிக் காட்டாதீர்கள். "நீங்களே படிக்கிறீங்களே" என்று மடக்கினால் மனுஷன் கன்னித்தீவையும் விட்டுவிடுவார்.

நீங்கள் கொடுத்த புத்தகம் ஏன் எடுபடவில்லை என்று எனக்குப் புரிகிறது. சூப்பர்மேன் வந்தது 1938-ல். அந்த உலகத்தில் யார் யாருக்கு எதிரி, யார் செத்துப் பிழைத்தவர், யார் எந்தக் கிரகம் என்று எண்பது வருஷத்துக்கும் மேலான பழைய கணக்கு இருக்கிறது. உங்களுக்கு எல்லாம் அத்துப்படி. அவருக்கோ, முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் போய் உட்கார்ந்த மாதிரி. எழுந்து வரத்தானே தோன்றும்? அதனால் முதல் புத்தகம் ஒரே புத்தகத்தில் தொடங்கி அதிலேயே முடிய வேண்டும். முன்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லாததாக இருக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் அப்பா படம் படிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறது, டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. முன்பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்ட, அப்படியே கடைசியில் டிரைவருக்குப் போய்ச் சேரும். பேச்சே கிடையாது. கல்லாறு தாண்டி, பல் தண்டவாளத்தின் மேல், பனிமூட்டத்தில் இதைச் செய்தவர் அவர். ஒரு கையசைவை வைத்து அடுத்து என்ன நடக்கும் என்று கண்டுகொள்கிறவருக்கு வசனமே இல்லாத ஒரு படக்கட்டத்தைப் படிப்பது பெரிய காரியமில்லை. கொடுக்கிற கதை அவருடைய அனுபவத்துக்கு ஈடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் சொல்லும் புத்தகம் 'திபெத்தில் டின்டின்'. பெல்ஜியக்காரரான எர்ஜே எழுதி வரைந்தது, 1960-ல் புத்தகமாக வந்தது. சிவகாசி லயன் - முத்து காமிக்ஸ் தமிழிலேயே போட்டிருக்கிறார்கள். இமயமலையில் ஒரு விமானம் விழுந்துவிடுகிறது. அதில் போன சாங் என்ற நண்பன் செத்துப்போனதாக எல்லாரும் சொல்கிறார்கள். கதாநாயகனான இளம் நிருபர் டின்டின் மட்டும் நம்ப மறுத்துத் தேடிப் போகிறான். கதையில் வில்லனே கிடையாது. மலையும் பனியும் பிடிவாதமும்தான். மலையில் வேலை பார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு எதைக் கொடுப்பது?

அதில் ஒரு இடம் சொல்கிறேன். டின்டினோடு கூடப் போகும் நண்பர் கேப்டன் ஹேடாக் பாறையிலிருந்து வழுக்கி, இருவரையும் பிணைத்த கயிற்றில் அந்தரத்தில் தொங்குகிறார். மேலே டின்டின் தன் முழு பலத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறான். தூக்கவும் முடியாது, விடவும் மனமில்லை. இப்படியே இருந்தால் இருவரும் போய்விடுவோம், கயிற்றை அறுத்தால் நீயாவது பிழைப்பாய் என்கிறார் கேப்டன். மற்ற பக்கங்களில் எல்லாம் சிடுசிடுத்துக் கத்துகிற மனிதர் இதை நிதானமாகச் சொல்கிறார். டின்டின் முடியாது என்கிறான். அவர் கத்தியை எடுத்தே விடுகிறார். குளிரில் விறைத்த விரல்களிலிருந்து அது நழுவி விழுகிறது. வழியிலேயே திரும்பிப் போயிருந்த தார்க்கே என்ற ஷெர்பா வழிகாட்டி அப்போது மறுபடி வந்து சேர்கிறார். ஒரே மூச்சில் வேகமாகப் படித்துவிடக்கூடிய பக்கங்கள்தான் இவை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கயிறு எவ்வளவு இறுகியிருக்கிறது, பூட்ஸ் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள். மழை நாளில் வழுக்கும் படியில் நின்று பிரேக் சக்கரம் திருப்பியவர் அதைக் கட்டாயம் பார்ப்பார்.

படித்து முடித்த பிறகு அவராகக் கேட்டால் இன்னொன்றையும் சொல்லுங்கள். சாங் முழுக் கற்பனை இல்லை. எர்ஜேவுக்கு 1934-ல் பிரஸ்ஸல்ஸில் நண்பரான ஒரு சீனச் சிற்பக் கலைஞர்தான் மூலம். பிறகு தொடர்பு விட்டுப்போய், இருவரும் மறுபடி நேரில் சந்தித்தது 1981-ல்தான். கதை எழுதும்போது எர்ஜேவுக்கு அந்த நண்பர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. எனக்கு இந்தப் புத்தகம் இவ்வளவு பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

கொடுக்கும் விதமும் முக்கியம். பரிசு மாதிரி நீட்டாதீர்கள். பேப்பர் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் படிக்க ஓடாது. மூக்குக்கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் வசனம் வருகிற பலூனுக்குள் எழுத்து பொடியாகத்தான் இருக்கும். பாக்கெட் சைஸ் புத்தகம் வேண்டவே வேண்டாம். பனி இறங்கினால் நம் ஊரில் மூன்று மணிக்கே வெளிச்சம் போய்விடுகிறது, நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி வையுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "ம், பரவால்ல" என்பார். "அந்தக் கயிறு இடத்தில நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்கப்பா?" என்று கேளுங்கள்.

அது பிடித்துவிட்டால் அடுத்தது கௌபாய் காமிக்ஸ் நாயகன் கேப்டன் டைகரின் ரயில்பாதைக் கதைகள். ஷார்லியே எழுதி ஜிரோ வரைந்தவை. அமெரிக்காவின் குறுக்கே யூனியன் பசிபிக், சென்ட்ரல் பசிபிக் என்று இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுப் பாதை போட்டு, 1869-ல் இணைத்தார்களே, அந்தக் காலம்தான் பின்னணி. எங்கள் தெருவில் டீ ஃபேக்டரியில் பாய்லர் பார்த்த ஒரு பெரியவருக்கு இதைக் கொடுத்தேன். இன்ஜின் வருகிற பக்கத்திலேயே நின்றுவிட்டார். புகைபோக்கி, விறகுப் பெட்டி, முன்னால் மாடு ஒதுக்கும் கம்பி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சு வரைஞ்சிருக்கான்" என்றார். கதைக்கு அதன் பிறகுதான் வந்தார். இதையே முதலில் கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் இது பல பாகங்களாகப் போகிற கதை, நம்பிக்கை வந்தபின் போதும்.

இரும்புக்கை மாயாவி என்ற பழைய காமிக்ஸ் நாயகனைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். அப்பா பையனாக இருந்தபோது படித்திருந்தால் தாராளமாகக் கொடுங்கள், முகம் மலரும். படிக்காதவர் என்றால், மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் என்கிற இடத்திலேயே புத்தகம் மறுபடி டீப்பாய்க்குப் போய்விடும்.

கேள்வி: அக்கா, என் தோழி நாவல் மட்டும்தான் படிப்பாள். காமிக்ஸ் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு "இவ்வளவுதானா?" என்கிறாள்.
- ஒரு கல்லூரி மாணவி, கொடைக்கானல்

பதில்: பலூனை மட்டும் படித்திருக்கிறாள்மா. நாவல் வாசகர்கள் எல்லாரும் ஆரம்பத்தில் இப்படித்தான் செய்கிறார்கள். வேகத்தைக் குறைக்கிற மாதிரி ஒன்றைக் கொடு. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணா' இருக்கிறது. துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் வரைந்தது, 2011-ல் வந்தது. அதில் கட்டமே கிடையாது, படங்கள் பக்கம் முழுக்கப் படர்ந்து போகும். அன்பாகப் பேசுகிறவர்களின் பலூன் பறவை வடிவில் இருக்கும். சாதி விஷம் கக்குகிறவர்களின் பலூனுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மறுக்கப்பட்ட பையனிடம் பேசும் வாயிலிருந்து அந்தக் கொடுக்கு நீள்வதைப் பார்த்தபின் அவள் பத்து நிமிஷத்தில் முடிக்க மாட்டாள். அதன் பிறகு ஈரானில் வளர்ந்த மர்ஜானே சத்ரபியின் 'பெர்சபோலிஸ்'. 1979 புரட்சி ஒரு சிறுமியின் கண்ணில் எப்படித் தெரிந்தது என்பதை வெறும் கறுப்பு வெள்ளையில் சொல்கிறார். தமிழிலும் வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதே, இடைவெளி விடு.

கேள்வி: மலையில் இருந்துகொண்டு இந்தப் புத்தகங்களை எங்கே வாங்குவது?
- ஒரு வாசகி, கூடலூர்

பதில்: புதிய தமிழ் காமிக்ஸை சிவகாசியிலிருந்து தபாலிலோ கூரியரிலோ வரவழைக்கலாம். சந்தா கட்டினால் வீட்டுக்கே வரும். பழைய இதழ்கள் வேண்டுமானால், கோயம்புத்தூருக்கு ஆஸ்பத்திரி வேலையாகவோ ஜவுளி எடுக்கவோ இறங்கும்போது உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் ஒரு எட்டுப் பாருங்கள். காசு கொடுக்குமுன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிடுங்கள், பழைய இதழ்களில் முதலில் கிழிவது அதுதான்.