ஃபோனில் படம் எடுத்தால் போதாதா, எதற்கு வெளியில் போயிருந்து பென்சிலால் கீற வேண்டும்?

போதாது. படம் எடுக்க ஒரு நொடி. கீறுவதற்கு அரை மணித்தியாலமாவது பார்த்தாக வேண்டும். பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரம் கொப்பியோடு இருந்து பாருங்கோ. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, சுண்ணக்கல் தரை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். தொடுவானத்தைத் தாளில் நல்லாக் கீழே இறக்கினால்தான் எங்கட வானத்தின் அகலம் வரும்.

அடுத்தது பனை. கனகாலம் நான் தென்னையைக் கீறிவிட்டுப் பனை என்று சொல்லித் திரிந்தவன் (ஆச்சிதான் பிடிச்சவ). தென்னோலை இறகு மாதிரி, பனையோலை விசிறி மாதிரி. தூரத்தில் பனையின் தலை உருண்டையாய்த் தெரியும். கண்ணை அரைவாசி மூடுங்கோ; இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும், அதை முதலில் போடுங்கோ. யாழ்ப்பாணக் கோட்டையைப் பிறகு பார்க்கலாம், அதன் ஐங்கோணம் தரையில் நின்றால் பிடிபடாது. சாமான்? பென்சில் ஒன்று காணும்.