உள்ளே போனவர் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

என் தாத்தா (அப்பாவின் அப்பா) போன வாரம் இறந்துவிட்டார். 88 வயது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். பொன்மலை ரயில்வே பணிமனையில் 1956லிருந்து 1994 வரை பாய்லர் ஷாப்பில் வேலை பார்த்தவர். அப்பாவும் ரயில்வேதான். அம்மாவுக்கும் வேலை இருந்ததால் நான் தாத்தா, அப்பாயி கையில்தான் வளர்ந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் போடுகிறோம். எழுதும் பொறுப்பு என் தலையில். எழுதியதை இணைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. யார் தாத்தாவுக்கும் பொருந்தும்போல இருக்கிறது. எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். சந்தைக்குக் கூட்டிப்போவார். பானை வாங்கும்போது ஒரு கையால் தட்டிவிட்டு, இன்னொரு கையை விரித்து மறுபக்கம் வைத்துப் பார்ப்பார். காது கேட்காது, அதனால். இதையெல்லாம் மலரில் போட முடியாதே.

இன்னொன்று. எடுக்கிற நேரத்தில் தாத்தாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் வந்தார். மாலை போட்டுவிட்டு, கூடியிருந்த எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார்: "எழுவத்தினாலு ஸ்ட்ரைக்ல உள்ள போனவன் இவன். நான் ஜெயில்ல இருந்தேன். மூணு வருசம் இவன்கூடப் பேசல. ஆனா இவன மாதிரி ஸ்டே தட்டிப் பாக்க இன்னொருத்தன் பொறக்கணும்." அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. சித்தப்பா அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். அப்புறம் அப்பாயியிடம் கேட்டதில்தான் தெரிந்தது. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் தாத்தா வேலைக்குப் போயிருக்கிறார். அதற்காகத்தான் மறுவருடம் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கிறது. தெருவில் கருங்காலி என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

மலரில் சித்தப்பா 'தொழிலாளர் தோழர்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். எனக்குக் கை வரவில்லை. உண்மையை எழுதினால் தாத்தாவுக்குத் துரோகம், எழுதாவிட்டால் பொய். என்ன செய்வது?

ரா.,
திருச்சி

*

அன்புள்ள ரா.,

தாத்தாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். கல்யாணச் சாவு என்று ஊர் சொல்லும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனவனுக்கு அதில் ஒரு சமாதானமும் இல்லை.

மலருக்கு எழுதியதைப் படித்தேன். 'கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமைந்தவர்', 'உழைப்பின் சிகரம்', 'ஆலமரமாய் நிழல் தந்தவர்'. அச்சகத்திலேயே இப்படி நாலு மாதிரி வைத்திருப்பார்கள். படத்தையும் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. துக்க வீட்டில் யாருக்கும் உட்கார்ந்து யோசிக்கத் தெம்பு இருக்காது, எல்லோரும் சொல்வதையே நாமும் சொல்லிவிடுவது அப்போதைக்கு ஒரு கைத்தாங்கல். ஆனால் படித்துவிட்டு உங்களுக்கே பிடிக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த வரிகளை நம்பியிருக்க வேண்டாம்.

நம் ஊரில் செத்தவர்களைப் பற்றி எழுதிவைக்கும் வழக்கம் நேற்று வந்ததல்ல. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற ஒருவன் தன் எருமைகளுக்காகச் செத்த இடத்தில் நட்ட கல். யார் ஆட்சி, எத்தனையாவது வருடம், அவன் யாருடைய ஆள், எதற்காகச் செத்தான் என்று நாலே செய்தி. அப்புறம் கூடவே ஒரு நாய். கோவிவன் என்கிற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாம், அதையும் பெயரோடு வெட்டிவைத்திருக்கிறார்கள். மாவீரன், மாமனிதன் என்று ஒரு சொல் கிடையாது. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, அந்த எருமைக்காரனும் அவன் நாயும் இன்னும் நமக்குத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். உங்கள் தாத்தாவை ஆலமரம் என்று எழுதினால் பத்து வருடத்தில் உங்கள் பிள்ளைக்கு அவர் யாரென்று தெரியாது.

பானையைத் தட்டுவதை மலரில் போட முடியாது என்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான இடம் அதுதான். அது பானை வாங்குகிறவரின் பழக்கம் இல்லை, அவருடைய தொழில். ஸ்டே தட்டுவது என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அதுவும் இதுவும் ஒன்று.

நீராவி எஞ்சினின் நெருப்புப் பெட்டி என்பது பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டியில் நெருப்பு. அதற்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவில் சில அங்குல இடைவெளியில் தண்ணீர். அழுத்தத்தில் இரண்டு தகடும் பிரிந்துபோகாமல் இருக்க, நூற்றுக்கணக்கான இரும்பு அல்லது செம்புத் தண்டுகளைக் குறுக்கே கொடுத்து இறுக்கியிருப்பார்கள். அதைத்தான் ஸ்டே என்பார்கள். சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, ஏதாவது ஒரு ஸ்டே உள்ளுக்குள் முறிந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்து நாலைந்து முறிந்தால் தகடு புடைக்கும், அப்புறம் வெடிக்கவும் வெடிக்கும். ஆகவே எஞ்சின் பணிமனைக்கு வந்ததும் ஒருவர் நெருப்புப் பெட்டிக்குள் குனிந்து நுழைந்து சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு தலையாகத் தட்டிப் பார்ப்பார். நல்ல ஸ்டே கணீர் என்னும். முறிந்தது மொத்தென்று விழும்.

இதைக் கண்டுபிடிக்கக் காது வேண்டும். பாய்லர் ஷாப்பில் முதலில் போவதோ காதுதான். இரும்பு உருளைக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்க, வெளியில் இன்னொருவர் பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டை அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்கவே பாய்லர் வேலைக்காரர்களின் செவிடு பேர்போனது. காது போன பிறகும் உங்கள் தாத்தா ஸ்டே தட்டுவதில் மன்னன் என்று பெயர் எடுத்தார் என்றால், அவர் உள்ளங்கையால் கேட்டிருக்கிறார். ஒரு கையில் சுத்தியல், மறுகை தகட்டின் மேல். சந்தையில் உங்களோடு நின்று அதையேதான் செய்தார். நீங்கள் அவரிடம் வளர்ந்த காலத்துக்குள் நீராவி எஞ்சின்கள் அநேகமாகப் போய்விட்டன. பொன்மலை டீசலுக்கு மாறிவிட்டது. அந்தக் கைக்கு மிஞ்சியது பானைதான்.

நீலகிரி மலை ரயிலுக்காக 2011இல் பொன்மலையிலேயே புது நீராவி எஞ்சின் செய்து அனுப்பினார்கள். அப்போது அவருக்கு 75 வயது இருக்கும். அந்தச் செய்தி வந்த அன்று அவர் என்ன சொன்னார்? வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுமே சொல்லவில்லை என்றாலும் அதையும் எழுதலாம்.

மலரில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த வருடம் சேர்ந்தார், என்ன வேலை, அந்த வேலை எப்படி நடக்கும், காது எப்படிப் போனது, பானையை எப்படித் தட்டினார். போதும்.

சரி, 1974.

அந்த ஊருக்கு என்று ஒரு கணக்கு உண்டு. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். வருடாவருடம் அந்த நாளில் இன்றும் அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. உங்கள் தாத்தா 1956இல் சேர்ந்தபோது அவருக்குச் சுத்தியல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தச் சூட்டைப் பார்த்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 'உள்ளே போனான்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்வது சாதாரணப் பேச்சு அல்ல.

1974 மே 8ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 27ஆம் தேதி வரை நடந்தது. நாடு முழுக்க ஏறக்குறைய 17 லட்சம் பேர். போனஸ் கேட்டார்கள், ஊதியத்தைப் பொதுத்துறை நிறுவனங்களுக்குச் சமமாக்கக் கேட்டார்கள், ஓடும் வண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸைத் தொடங்குவதற்கு முன்பே, மே 2ஆம் தேதியே லக்னோவில் கைது செய்துவிட்டார்கள். விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் மிசா சட்டத்திலும் பாதுகாப்புச் சட்டத்திலும் ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். ரயில்வே குடியிருப்பிலிருந்து பெண்டு பிள்ளைகளைச் சாமான்களோடு தெருவில் இறக்கிவிட்ட கதைகள் எல்லா ரயில்வே ஊரிலும் உண்டு. வேலைக்குப் போனவர்களையோ விசுவாசிகள் என்று பட்டியல் எடுத்துக் கூடுதல் ஊதிய உயர்வு கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார்கள். உங்கள் அப்பாவின் வேலை அந்தக் கணக்கில் வந்தது. வேலை போனவர்களில் பலரை 1977இல் ஜனதா அரசு வந்த பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள். பெரியவர் சொன்ன அந்த மூன்று வருடத்துக்குக் கணக்கு சரியாக வருகிறது. தனக்கு வேலை திரும்பக் கிடைக்கும் வரை அவர் பேசவில்லை போலிருக்கிறது.

ரயில்வேக்காரர்களுக்கு 1979இல் போனஸ் வந்தது. அதை உங்கள் தாத்தாவும் வாங்கியிருப்பார். இதை எழுதுவது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் விட்டுவிட முடியாது.

அவர் ஏன் போனார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போனவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போகவில்லை. காங்கிரஸ் சார்பான என்.எஃப்.ஐ.ஆர். தொழிற்சங்கம் போராட்டத்தில் சேரவே இல்லை, அந்தச் சங்கத்துக்காரர்கள் சங்கம் சொன்னபடி போனார்கள். சிலர் பயந்து போனார்கள். சிலர் வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று போனார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்போது பதினேழு பதினெட்டு வயது இருக்குமா? தெரிந்த காரணம் எதையாவது அவர் மேல் ஏற்றி, 'குடும்பத்துக்காகத் தன் பெயரையே பலி கொடுத்தவர்' என்று எழுதிவிடாதீர்கள். சித்தப்பாவின் 'தொழிலாளர் தோழர்' ஒரு பொய் என்றால் இது அதைவிட அழகான பொய். படிக்கிறவர் கண் கலங்குவார். சிறைக்குப் போனவரின் பெண்டாட்டி அந்த மூன்று வருடம் எப்படி அடுப்பு எரித்தாள் என்பது அந்தக் கண்ணீரில் மறைந்துபோகும்.

துரோகம் என்ற சொல்லை எடுத்திருக்கிறீர்கள். அவ்வளவு பெரிய சொல் இங்கே வேண்டாம். நம் ஒப்பாரியில் குறை சொல்லாமலா அழுகிறார்கள்? பிணத்துக்கு முன்னாலேயே 'எனக்கு என்ன செஞ்ச' என்று கேட்பார்கள். அதைக் கேட்டு யாரும் எழுந்து போவதில்லை. கேட்கிறவளுக்குத்தான் பாசம் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் மலரில் இது வேண்டாம். காரணம் தாத்தா அல்ல, உங்கள் அப்பா. அவர் இருக்கிறார். முப்பது நாற்பது வருடம் அதே ஊரில், அதே ஆட்களோடு, 'இவன் அப்பன் உள்ள போனதுக்குக் கிடைச்ச வேலை' என்ற பேச்சுக்கு நடுவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகம் சுண்டியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அந்தக் கதையில் பாதி அவருடையது. உங்களுக்கு அது தெரியும் என்பதை, காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் அச்சடித்துக் கொடுத்ததைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. 'தோழர்' வரியையும் போடாதீர்கள். சித்தப்பா கோபித்துக்கொண்டால், வரி அதிகம், அச்சகத்தில் இடமில்லை என்று சொல்லிவிடலாம். இந்த அளவு பொய்க்கு நான் பொறுப்பு.

காரியம் முடியட்டும். அப்புறம் அவசரமில்லாமல், மலருக்கு என்று இல்லாமல், முழுசாக எழுதுங்கள். அப்பாவிடம் முதலில் பேசுங்கள். தாத்தா எப்படிப்பட்டவர் என்று கேட்டால் உங்களுக்கு மறுபடியும் ஆலமரம்தான் கிடைக்கும். அந்த மே மாதம் அவர் எந்த கேட் வழியாகப் போனார், ராத்திரி வீட்டுக்கு வந்தாரா, உள்ளேயே தங்கச் சொன்னார்களா, சோறு யார் கொண்டுபோனது, தண்ணீர்க் குழாயடியில் அப்பாயியை யாராவது ஏதாவது சொன்னார்களா, இப்படிக் கேளுங்கள். அப்பாயிக்கு இதில் எல்லாமே நினைவிருக்கும். ஆண்களைவிட அவர்களுக்குத்தான் இதெல்லாம் மறப்பதில்லை.

முக்கியமாக அந்தப் பெரியவரைப் போய்ப் பாருங்கள், சீக்கிரம். அவருக்கும் எண்பதைத் தாண்டியிருக்கும். வீட்டில் எல்லோரும் அவர் மானத்தை வாங்கிவிட்டார் என்று நினைக்கிறீர்கள். அவர் கத்தவில்லை என்பது என் ஊகம். அவரும் பாய்லர் ஷாப், அவருக்கும் காது கேட்காது. அதுதான் அவர் பேசுகிற சத்தம். மூன்று வருடம் பேசாதவர் அதற்குப் பிறகு எப்படிப் பேச ஆரம்பித்தார், யார் முதலில் பேசினார்கள் என்று அவரால் மட்டும்தான் சொல்ல முடியும். சித்தப்பா கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனதற்கு முதலில் வருத்தம் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். ஒரு நோட்டும் தடிமனான பேனாவும் எடுத்துப் போங்கள். கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினால் அவருக்கும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி நீங்கள் கத்த வேண்டியிருக்காது.

அன்புடன்.