ஆமை முட்டையை அடைக்கோழிக்குக் கீழே வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு ஒட்டுசுட்டான் பக்கம். மகன் கொழும்பில் காசளவு குஞ்சாக வாங்கி வந்த ஆமையை ஆறு வருடமாக வளர்க்கிறோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உண்டு. அது ஒன்றுதான். முந்தநாள் முற்றத்து மணலைப் பின்னங்காலால் கிண்டி ஆறு முட்டை இட்டது. வீட்டில் ஒரு கோழி அடைகிடக்கிறது. அதற்குக் கீழே வைத்தால் பொரிக்குமா?

பதில்: தயவுசெய்து வைக்க வேண்டாம். கோழி தன் முட்டைகளை நாளுக்குப் பல தடவை புரட்டிக்கொண்டே இருக்கும். கோழிக் குஞ்சுக்கு அது தேவை, ஆமைக் குஞ்சுக்கு அதுதான் எமன். இட்டு ஒரு நாள் போவதற்குள் ஆமைக் கரு முட்டையின் மேற்பக்க ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிவிடும். அதற்குப் பிறகு மேல் கீழானால் கரு செத்துப்போகும். சூடும் ஒத்துவராது. கோழியின் அடைச்சூடு 37 பாகைக்கு மேல். சிவப்புக் கோடு உள்ள உங்கள் ஆமை செங்காது ஆமை. அதன் முட்டைக்கு 26 முதல் 30 பாகை வரை போதும்.

இனி, அந்த முட்டைகளில் கரு இருக்கிறதா? காசளவில் வந்து தனியாகவே வளர்ந்த ஆமை என்கிறீர்கள். சேவல் இல்லாத வீட்டிலும் பேடு முட்டையிடுகிறது அல்லவா, அதே கதைதான். இவை கூமுட்டைகள். ஆனால் வளர்ந்த பெண் ஆமையை வாங்கியவர்கள் இதை நம்பியிருக்கக் கூடாது. ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை அது வருடக்கணக்கில் உடம்புக்குள் வைத்திருக்கும். கருவுள்ள முட்டையின் மேற்பக்கத்தில் சில நாட்களில் வெள்ளைத் திட்டு ஒன்று தோன்றிப் பரவும். பிறகு இருட்டில், முட்டையைத் தூக்காமல் பக்கவாட்டில் டோர்ச் பிடித்தால் சிவப்பு நரம்புகள் தெரியும்.

அப்படிப்பட்ட முட்டையைக் கிடந்த இடத்திலேயே விட்டால் உடும்பும் கீரியும் விடாது. மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி போட்டு, அந்தப் புள்ளி மேலே இருக்கும்படியே எடுங்கள். ஐஸ்கிரீம் பெட்டியில் ஆற்றுமணலும் தும்புத்தூளும் கலந்து, பிழிந்தால் நீர் சொட்டாத ஈரத்தில் நிரப்பி, முட்டையைப் பாதி புதையுங்கள். மூடியில் நாலைந்து துளை போதும். சீனிப் போத்தலை வைப்பதுபோலப் பெட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் எறும்பு அண்டாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் முட்டை அவிந்துவிடும். கிடுகுக் கொட்டில் நல்லது. 26 பாகையை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஆண், 31ஐத் தாண்டினால் பெண். பொரிக்க இரண்டு, இரண்டரை மாதம் பிடிக்கும். ஓட்டைக் கிழித்த குஞ்சு ஓரிரு நாள் உள்ளேயே குந்தியிருக்கும். அதன் வயிற்றில் மஞ்சட்கருப் பை வற்ற வேண்டும், பிடித்து இழுத்துவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், கரு இருந்தாலும் பொரிக்க வைக்க வேண்டாம் என்பேன். செங்காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துப் பிராணி. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. 20, 30 வருடம் உயிரோடிருக்கும். வளர்க்க இடமில்லையென்று முத்தையன்கட்டுக் குளத்தில் கொண்டுபோய் விட்டால், நம் பாலாமைக்கும் கறுப்பாமைக்கும் அது பங்காளியாகிவிடும். முட்டை இட்ட அன்றே எடுத்து உறைகுளிரில் வைத்துவிட்டால் கரு வளராது. (குளத்திலோ காட்டிலோ பிடித்த உள்ளூர் ஆமை என்றால் கதையே வேறு. அவை 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள்.)

நான் கவலைப்படுவது தாய்க்காகத்தான். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பு முழுக்க அதன் உடம்பிலிருந்து போகிறது. முல்லைத்தீவுக் கரையில் கணவாய் ஓடு கிடக்கும். பொறுக்கி, உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துக் காயவிட்டுத் தொட்டியில் மிதக்க விடுங்கள், தானே கொறிக்கும். காலை வெயிலும் படட்டும். கிண்டிக் கிண்டிப் பார்த்தும் இடாமல், சாப்பாட்டையும் விட்டுச் சோர்ந்து கிடந்தால் முட்டை உள்ளே அடைத்திருக்கலாம். நாள் பார்க்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஆமையையோ முட்டையையோ தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சல்மொனெல்லாக் கிருமி அதில் இருக்கும். தொட்டித் தண்ணீரைக் குசினிப் பக்கம் ஊற்றவும் வேண்டாம்.