சொந்தச் செலவில் சூனியம்: டெமானிக் பேக்ட் டெக் பற்றிய கேள்வி பதில்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் நான் ஆடும் டெக்குகளில் (சீட்டுக்கட்டுகளில்) அதிகக் கேள்வி வருவது ஒன்றே ஒன்றுக்குத்தான். எனக்கு நானே தோல்விச் சீட்டை எழுதிக்கொண்டு, கடைசி நேரத்தில் அதை எதிராளி கையில் திணிக்கும் டெக் அது. வந்த கேள்விகளைச் சேர்த்துவைத்து இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (புதுமுகம்): முதலில் டெமானிக் பேக்ட், ஹார்ம்லெஸ் ஆஃபரிங் என்ற அந்த இரண்டு கார்டும் என்ன செய்யும் என்று சொல்லுங்கள். பேர் மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

டெமானிக் பேக்ட் 2015-இல் மேஜிக் ஆரிஜின்ஸ் செட்டில் வந்தது. என்சான்ட்மென்ட், அதாவது இறக்கினால் களத்திலேயே தங்கும் மந்திரம். விலை நான்கு மேனா (லேண்ட் கார்டுகள் தரும் சக்தி), அதில் இரண்டு கறுப்பு. உங்கள் ஒவ்வொரு அப்கீப்பிலும் (டர்னின் தொடக்கக் கட்டத்தில்) நான்கு விஷயங்களில் இதுவரை தேர்ந்தெடுக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒன்று, 4 டேமேஜ் கொடுத்து 4 லைஃப் ஏற்றிக்கொள்வது. இரண்டு, எதிராளி இரண்டு கார்டுகளைக் கையிலிருந்து கழிப்பது. மூன்று, நீங்கள் இரண்டு கார்டு எடுப்பது. நான்காவது, நீங்கள் ஆட்டத்தில் தோற்பது. ஆமாம், அப்படியே எழுதியிருக்கிறது.

ஹார்ம்லெஸ் ஆஃபரிங் 2016-இல் எல்ட்ரிச் மூன் செட்டில் வந்தது. மூன்று மேனா, அதில் ஒன்று சிவப்பு, சார்சரி, அதாவது உங்கள் டர்னில் மட்டும் போடும் மந்திரம். உங்களிடம் உள்ள ஏதாவது ஒரு பெர்மனென்ட்டை (களத்தில் தங்கும் கார்டை) எதிராளிக்குக் கொடுத்துவிடும். படத்தில் ஒரு பூனைக்குட்டி.

நாலாவது டர்னில் பேக்ட். ஐந்து, ஆறு, ஏழு ஆகிய டர்ன்களின் அப்கீப்பில் மூன்று நல்லவற்றையும் வாங்கிக்கொள்கிறீர்கள். ஏழாவது டர்ன் மெயின் ஃபேஸில் ஆஃபரிங். அடுத்து வரும் எதிராளியின் அப்கீப்பில் மிச்சமிருப்பது நான்காவது மட்டும். ஆட்டம் முடிந்தது.

கேள்வி (நீலச்சட்டை): கைமாறியதும் அவருக்கு நான்கும் புதிதாகத் தொடங்காதா?

தொடங்காது. யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அந்தக் கார்டு பார்ப்பதில்லை, எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்கும். ஆனால் பேக்ட் கைக்குத் திரும்பிப் போய் மறுபடி வந்தால் அது புதுப் பொருள். பழையதெல்லாம் மறந்துவிடும், நான்கும் மறுபடி திறக்கும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இந்த டெக்கே நிற்கிறது.

சிறிய யோசனை ஒன்று. ஒரு துண்டுச் சீட்டில் நான்கு கட்டம் போட்டுப் பேக்ட்டுக்கு மேலேயே வையுங்கள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். எது முடிந்தது, எது பாக்கி என்று நடுவில் தகராறு வராது.

கேள்வி (கணக்குப்பிள்ளை): ஆஃபரிங் நான்கு காப்பி வைத்திருக்கிறேன். அது போதாதா? மற்ற இடத்தில் நல்ல கார்டுகளைப் போடலாமே.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது டர்னில் பார்த்திருக்கும் கார்டுகள்: தொடக்கத்தில் 7, பிறகு எடுத்தது 6, பேக்ட் கொடுத்தது 2. மொத்தம் 15. அதில் ஒன்று பேக்ட். மீதி 14-இல் ஓர் ஆஃபரிங்காவது இருக்க வேண்டும். 60 கார்டு டெக்கில் நான்கு காப்பி வைத்தால், அந்த 14-இல் ஒன்றுகூட இல்லாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 33 சதவீதம். அதாவது பேக்ட்டை இறக்கும் மூன்று ஆட்டத்தில் ஒன்றில், எதிராளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், நீங்கள் செத்தீர்கள். புலிவாலைப் பிடித்த கதைதான், விடவும் முடியாது.

இப்போது பேக்ட்டைக் கைக்குத் திருப்பும் கார்டுகள் நான்கைச் சேருங்கள். வெளியேறும் வழி எட்டு ஆகிறது. மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 10 சதவீதத்துக்கு இறங்கும். பத்து வழி வைத்தால் 5 சதவீதம். அதற்கு மேல் போட்டால் பெரிய லாபமில்லை, டெக் சப்பென்று ஆகிவிடும். அதனால் என் கணக்கு பத்து.

இந்தக் காம்போவைப் பார்க்கிற எல்லோரும் எப்படி ஜெயிப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். எப்படிச் சாகாமல் இருப்பது என்று முதலில் எண்ணுங்கள். பேக்ட் கொடுக்கும் மூன்று நல்லவையே பாதி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்துவிடும்.

கேள்வி (மூன்றாம் டர்ன்): அண்ணா, திருப்பி எடுக்க சைக்ளோனிக் ரிஃப்ட் போட்டிருக்கிறேன். சரிதானே?

இல்லை தம்பி. ரிஃப்டை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார். உன் கட்டுப்பாட்டில் இல்லாத பெர்மனென்ட்டைத்தான் அது திருப்பும். ஓவர்லோட் செய்தாலும், அதாவது கூடுதல் மேனா கொடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பினாலும், அப்படியே. உன் பேக்ட் உன்னிடமே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

உனக்கு வேண்டியது டிஸ்பர்ஸ், இல்லாவிட்டால் இன்டு த ராய்ல். இரண்டும் இரண்டு மேனா, இரண்டும் இன்ஸ்டன்ட் (எதிராளி டர்னிலும் போடலாம்), இரண்டும் யாருடையதாக இருந்தாலும் லேண்ட் அல்லாத பெர்மனென்ட்டைத் திருப்பும். ராய்லுக்கு இன்னும் இரண்டு மேனா சேர்த்துக் கொடுத்தால் ஒரு கார்டும் எடுக்கலாம்.

இதே மாதிரி இன்னொரு பொறி பஸார் டிரேடர். அது கொடுப்பது ஆர்ட்டிஃபேக்ட், கிரியேச்சர், லேண்ட் மட்டும். என்சான்ட்மென்ட் கிடையாது. ஆர்வத்தில் நானே நான்கு காப்பி வாங்கிய பிறகுதான் படித்தேன்.

கேள்வி (அப்கீப்): அப்கீப்பில் பேக்ட்டின் ட்ரிக்கர் (தானாகக் கிளம்பும் விளைவு) வந்ததும் டிஸ்பர்ஸ் போட்டேன். அப்படியும் தோற்றுவிட்டாய் என்கிறார்கள். இது நியாயமா?

நியாயம்தான். நானும் இப்படி ஓர் ஆட்டத்தை இழந்திருக்கிறேன். ட்ரிக்கர் ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருக்கும் வரிசையில்) ஏறும்போதே எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது முடிவாகிவிடுகிறது. ஏறிய பிறகு அதற்கும் கார்டுக்கும் ஒட்டில்லை, உறவில்லை. பேக்ட்டைக் கைக்கு எடுத்தாலும் எரித்தாலும் ட்ரிக்கர் தன் வேலையை முடித்தே தீரும்.

அப்கீப்புக்கு முன் வரும் அன்டாப் ஸ்டெப்பில் யாரும் எதுவும் போட முடியாது. ஆகவே நீங்கள் தப்பிக்கக் கடைசி வாய்ப்பு அதற்கு முந்தைய எதிராளி டர்னின் எண்ட் ஸ்டெப். அங்கே டிஸ்பர்ஸ் போடுங்கள், உங்கள் டர்னில் பேக்ட்டை மறுபடி இறக்குங்கள், மூன்று நல்லதும் மறுபடி உங்களுக்கே. சில ஆட்டங்களில் இந்தச் சுற்றை இரண்டு முறை ஓட்டினாலே எதிராளி கைகொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்.

இதே விதி உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். அவருடைய அப்கீப்பில் ட்ரிக்கர் ஏறிய பிறகு அவர் பேக்ட்டை அழித்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேள்வி (நீலச்சட்டை, மறுபடியும்): நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் எதைத் தடுக்க வேண்டும்?

பேக்ட்டைத் தடுக்காதீர்கள், அழிக்கவும் அழிக்காதீர்கள். மூன்றாவது முடிந்த பிறகு பேக்ட்டை அழிப்பவர் எனக்கு உயிர்ப்பிச்சை போடுகிறார். ஆஃபரிங்கைக் கவுண்டர் செய்யுங்கள், அதாவது நிறைவேறும் முன்பே ரத்து செய்யுங்கள். அதுதான் வலிக்கும்.

அதனால்தான் என் பக்கம் ஏழாவது டர்ன் இப்படிப் போகும். ஏழு லேண்ட் இருந்தால் முதலில் டியூரெஸ், ஒரு மேனா, கையில் கவுண்டர் இருந்தால் பிடுங்க. அடுத்து ஆஃபரிங், மூன்று. அதையும் மீறித் தடுத்தால் டிஸ்பர்ஸ், இரண்டு, பேக்ட்டை என் கைக்கே எடுத்துக்கொள்ள. ஒரு மேனா மிச்சம்.

கேள்வி (வரிசைப் பிரச்சினை): மூன்றில் எதை முதலில் எடுக்க வேண்டும்?

பொதுவாகக் கார்டு எடுப்பதுதான் முதலில். ஆஃபரிங்கைத் தேடுவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். வேகமான சிவப்பு டெக் எதிரே இருந்தால் 4 டேமேஜ், 4 லைஃப் முதலில், யோசிக்கவே வேண்டாம். எதிரே கவுண்டர் வைத்திருக்கும் நீலம் இருந்தால் கழிப்பதைக் கடைசிக்கு வைப்பேன். எதைக் கழிப்பது என்பது அவர் இஷ்டம், ஆனால் கையில் இரண்டே கார்டு இருந்தால் இஷ்டத்துக்கு இடமேது?

ஆனால் இதில் ஓர் ஆபத்து. எதிராளி லேலைன் ஆஃப் சாங்டிட்டி இறக்கிவிட்டால் அவருக்கு ஹெக்ஸ்ப்ரூஃப். அவரைக் குறிவைக்க முடியாது, ஆஃபரிங் செல்லாது. அதைவிட மோசம், கழிக்கச் சொல்வதும் அவரைக் குறிவைப்பதுதான். ஏழாவது டர்ன் அப்கீப்பில் பாக்கி இருப்பது கழிப்பதும் தோற்பதும் என்றால், கழிப்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது. செல்லுபடியாகும் ஒன்று இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஆக ஒரு டர்ன் முன்னாலேயே நீங்கள் காலி. லேலைனைப் பார்த்ததும் டிஸ்பர்ஸை அதன் மேல் போடுங்கள். ஹெக்ஸ்ப்ரூஃப் ஆளுக்குத்தான், அந்தக் கார்டுக்கு இல்லை.

கேள்வி (பலர்): முழு டெக் பட்டியல்?

கார்டு கார்டாகச் சொல்ல மாட்டேன், உங்களிடம் இருப்பதை வைத்துக் கட்டுங்கள். எலும்புக்கூடு இது: பேக்ட் 4, ஆஃபரிங் 4, டிஸ்பர்ஸ் 4, ராய்ல் 2. கையிலிருந்து பிடுங்கும் மலிவான கறுப்பு 6. தேடிக் கொடுக்கும் நீலம் 4, ஆன்டிசிபேட் போன்றவை. மீதி 11 கிரியேச்சர்களைக் கொல்வதற்கு, அதில் குறைந்தது மூன்று, எல்லாவற்றையும் மொத்தமாகத் துடைப்பவையாக இருக்கட்டும். லேண்ட் 25. நாலாவது டர்னில் நாலாவது லேண்ட் தவறினால் எல்லாமே ஒரு டர்ன் தள்ளிப்போகும், அதனால் 24-க்குக் கீழே இறங்க வேண்டாம். மூன்று நிறம் என்பதால் டேப் ஆகி (வந்த டர்னில் மேனா தராமல்) வரும் லேண்ட் கொஞ்சம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், முதல் மூன்று டர்னில் பெரிதாக எதுவும் செய்யப்போவதில்லை.

ஸ்டாண்டர்டில் (புதிய செட்டுகள் மட்டும் செல்லும் போட்டி வடிவம்) இந்த ஜோடி முதல்முறை ஒன்றாக இருந்தது 2016-இல் எல்ட்ரிச் மூன் வந்ததிலிருந்து கலாதேஷ் செட் வரும்வரை, ஏறக்குறைய பத்து வாரம். பழைய செட்டுகளும் செல்லும் மாடர்ன் வடிவத்தில் ஆடலாம். அங்கே ஏழாவது டர்ன் என்பது அடுத்த ஜென்மம் மாதிரி, தெரிந்தே இறங்குங்கள்.

கேள்வி (பழைய ஆள்): இதெல்லாம் எங்கள் காலத்திலேயே பார்த்தாயிற்று.

உண்மைதான். இல்யூஷன்ஸ் ஆஃப் கிராண்டியர், 1995, ஐஸ் ஏஜ். வந்தால் 20 லைஃப் ஏறும், போனால் 20 இறங்கும், வைத்துக்கொள்ள டர்னுக்கு டர்ன் வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும் மேனா. 1999-இல் டொனேட் வந்ததும் அதை எதிராளிக்குக் கொடுத்துவிட்டார்கள். வட்டி கட்ட முடியாத அன்று அவர் 20 லைஃப் இழந்து போனார். டிரிக்ஸ் என்று பெயர் வாங்கிய அந்த டெக் அப்போதிருந்த எக்ஸ்டெண்டட் போட்டி வடிவத்தை ஆட்டிவைத்தது. அதன் பக்கத்தில் என் டெக் விளையாட்டுப் பொம்மை, ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி (வெள்ளை மட்டும்): நைன் லைவ்ஸ் என்ற என்சான்ட்மென்ட்டை இப்படிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அது களத்தை விட்டுப் போனால் வைத்திருப்பவர் தோற்பார். சிக்கல், அந்தக் கார்டுக்கே ஹெக்ஸ்ப்ரூஃப் இருக்கிறது. உங்களிடம் இருக்கும்வரை நீங்கள் குறிவைக்கலாம். கைமாறிய பிறகு முடியாது. குறிவைக்காமல் எல்லா என்சான்ட்மென்ட்டையும் அழிக்கும் பேக் டு நேச்சர் போல ஒன்று வேண்டும். அழகான ஜோடி, ஆனால் இரண்டுக்குப் பதில் மூன்று கார்டு ஆகிவிட்டது.

கேள்வி (நூறு கார்டு): தலைவர் கார்டின் நிறங்களிலேயே டெக் கட்டும் கமாண்டர் வடிவத்தில், செட்ரூவைத் தலைவராக வைத்து இதைக் கட்டலாம் என்றிருக்கிறேன். நாலு பேர் ஆட்டத்தில் எப்படி இருக்கும்?

செட்ரூ கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் அதன் நிறங்கள் வெள்ளை, நீலம், சிவப்பு. பேக்ட் கறுப்பு, அந்த டெக்கில் சேர்க்கவே முடியாது. பிளிம், காமெடிக் ஜீனியஸ் எடுங்கள், கறுப்பு சிவப்பு. அது பறந்து போய் அடித்து டேமேஜ் கொடுத்தால், அடி வாங்கியவரிடம் உங்கள் பெர்மனென்ட் ஒன்று போய்ச் சேரும். பிறகு ஒவ்வொருவரும், தன்னுடையது அல்லாமல் தன்னிடம் இருக்கும் பெர்மனென்ட்டின் எண்ணிக்கைக்கு லைஃபும் கார்டும் இழப்பார்கள்.

நாலு பேர் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பேக்ட் வாங்கியவர் தோற்று வெளியேறியதும், அவருக்குக் கொடுத்த கட்டுப்பாடு முடிகிறது. பேக்ட் உங்களுடையது, உங்களிடமே திரும்பி வரும். வயிற்றைக் கலக்கும்தான், ஆனால் பயப்பட வேண்டாம். நான்கும் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு அப்கீப்பிலும் ட்ரிக்கர் வரும், தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது, அப்படியே மறையும். அதை எப்படியாவது கைக்கு எடுத்தால் மறுபடி விஷம் ஏறும். நான் பெரும்பாலும் எடுப்பதில்லை. பிளிம் அடுத்தவரை அடிக்கும்போது அந்தச் செத்த பேக்ட்டையே பரிசாகக் கொடுத்துவிடுவேன், எண்ணிக்கைக்கு அதுவும் ஒரு பெர்மனென்ட்தானே.